துணிக்கடை சர்வரில் மூன்று விஎம்: எதற்கு நேட் போதும், எதற்கு பிரிட்ஜ் வேண்டும்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எனக்குத் தெரிந்த ஒரு துணிக்கடை. முதல் மாடியில், மூட்டைகளுக்கு நடுவே, ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் ஒன்று உபுண்டு சர்வராக ஓடுகிறது. 16 ஜிபி ராம், ஒரே ஒரு லேன் போர்ட். அதற்குள் மூன்று விர்ச்சுவல் மெஷின்கள் (விஎம்), அதாவது ஒரே பெட்டிக்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர்போல ஓடுபவை. ஒன்று விண்டோஸ், டேலியும் பில்லிங் மென்பொருளும் அதில் இருக்கின்றன. இரண்டாவது லினக்ஸ், ஸ்கேன் செய்த இன்வாய்ஸ்களை எல்லாரும் அதில் போட்டு வைக்கிறார்கள். மூன்றாவதும் லினக்ஸ்தான், கடைக்காரரின் மகன் புரோகிராம் எழுதிப் பழகுவது அதில்.

இந்த மூன்றுக்கும் நெட்வொர்க் கொடுப்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். காசிமேட்டில் ஐஸ் வியாபாரமோ மண்ணடியில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸோ வைத்திருப்பவருக்கும் இதே கணக்குதான். விஎம்களை ஓட்டும் கேவிஎம்மும் அவற்றை நிர்வகிக்கும் லிப்விர்ட்டும் நிறுவி, ஒரு விஎம்மாவது திரையில் பூட் ஆகி நிற்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். கேவிஎம் 2007-இல் 2.6.20 பதிப்போடு லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. அதனால் தனியாகக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. பயோஸில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்திருந்தால் போதும்.

கட்டளைகளை நாம் போனில் ஒருவருக்கொருவர் சொல்வதுபோல எழுதியிருக்கிறேன். திரையில் ஆங்கில எழுத்தில், சிறிய எழுத்துகளாக அடித்துக்கொள்ளுங்கள். முன்னால் சூடோ (நிர்வாகி உரிமையில் ஓட்டும் சொல்) போட வேண்டிய இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் யார் யாரிடம் பேச வேண்டும்?

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் எடுத்தவுடனே பிரிட்ஜ் போட உட்கார்ந்துவிடுகிறார்கள். யாரோ "பிரிட்ஜ்தான் சரியான முறை" என்று சொல்லியிருப்பார்கள். பாதிப் பேருக்கு அது தேவையே இல்லை. கட்டளைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: இந்த விஎம்மை யார் தேடி வருவார்கள்?

மகன் பழகும் விஎம்மை யாரும் தேடி வரப்போவதில்லை. அது வெளியே போய் அப்டேட் இறக்கினால் போதும். அதற்கு நேட். டேலி இருக்கும் விண்டோஸை கீழே இருக்கும் பில்லிங் கவுண்டர்கள் நாள் முழுக்கத் தேடி வரும். இன்வாய்ஸ் சர்வரையும் அப்படித்தான். இந்த இரண்டுக்கும் பிரிட்ஜ்.

நேட் என்பது ஒண்டுக்குடித்தன வீடு மாதிரி. தெருவுக்குத் தெரிவது ஒரே கதவு எண். உள்ளே இருப்பவர்கள் எப்போது வேண்டுமானாலும் வெளியே போய் வரலாம். வெளியிலிருந்து வருகிறவருக்கு எந்தப் போர்ஷனைத் தட்டுவது என்று தெரியாது. பிரிட்ஜ் போட்டால் ஒவ்வொரு விஎம்முக்கும் தெருப் பக்கம் தனி வாசல். கடையின் ரவுட்டர் அதை இன்னொரு கம்ப்யூட்டராகவே பார்க்கும். பில்லிங் கவுண்டருக்குக் கொடுப்பதுபோலவே அதற்கும் ஒரு ஐபி முகவரி கொடுக்கும்.

மேக்விடேப் என்று மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. பிரிட்ஜ் உருவாக்காமலே விஎம்மை நேராக லேன் கார்டில் ஒட்டிவிடலாம். பார்க்கச் சுலபம்தான். ஆனால் அதில் ஹோஸ்டும் (விஎம்களைத் தாங்கும் சர்வர்) விஎம்மும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள முடியாது. மற்ற எல்லாக் கம்ப்யூட்டரும் விஎம்மைப் பார்க்கும், அதைத் தாங்கி நிற்கும் சர்வர் மட்டும் பார்க்காது. ஹோஸ்டிலிருந்து பேக்கப் எடுக்கலாம் என்று நினைக்கும் நாளில்தான் இது தெரியவரும். சின்ன ஆபீஸுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

நேட்: ஏற்கெனவே இருக்கிறது, எழுப்பிவிட்டால் போதும்

லிப்விர்ட்டை நிறுவும்போதே டீஃபால்ட் என்ற பெயரில் ஒரு நெட்வொர்க் வந்துவிடும். "விர்ஷ் நெட்-லிஸ்ட் --ஆல்" என்று அடித்துப் பாருங்கள். ஆக்டிவ் என்று காட்டினால் வேலை முடிந்தது. இனாக்டிவ் என்றால் "விர்ஷ் நெட்-ஸ்டார்ட் டீஃபால்ட்". அப்புறம் மறக்காமல் "விர்ஷ் நெட்-ஆட்டோஸ்டார்ட் டீஃபால்ட்". இரண்டாவது கட்டளையை விட்டுவிட்டால் அடுத்த கரண்ட் கட்டுக்குப் பிறகு நெட்வொர்க் எழாது. நெட்வொர்க் இல்லாமல் விஎம்மும் எழாது.

இப்போது "ஐபி ஏ" என்று அடித்தால் விர்பிஆர்0 என்று ஒரு புது இன்டர்ஃபேஸ் தெரியும். அதன் முகவரி 192.168.122.1. விஎம்களுக்கு 192.168.122.2 முதல் 254 வரை முகவரிகள் கிடைக்கும். அவற்றைக் கொடுப்பது டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன புரோகிராம்; பெயர்களைத் தேடித் தரும் டிஎன்எஸ் வேலையையும் அதுவே செய்கிறது.

விஎம்முக்கு என்ன முகவரி கிடைத்தது என்று பார்க்க அதற்குள் போக வேண்டியதில்லை. ஹோஸ்டிலேயே "விர்ஷ் நெட்-டிஎச்சிபி-லீசஸ் டீஃபால்ட்" அடித்தால் பட்டியல் வந்துவிடும். மேக் முகவரி (ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் உள்ள அடையாள எண்) 52:54:00 என்று தொடங்கினால் அது உங்கள் கேவிஎம் விஎம்தான். ரவுட்டரின் பட்டியலில் பத்து மொபைலுக்கு நடுவே விஎம்மைக் கண்டுபிடிக்கவும் இந்த மூன்று எண்கள் உதவும்.

முகவரி மாறிக்கொண்டே இருப்பது தொல்லையாக இருந்தால் "விர்ஷ் நெட்-எடிட் டீஃபால்ட்" கொடுத்து, டிஎச்சிபி (தானாக ஐபி கொடுக்கும் முறை) பகுதிக்குள் ஹோஸ்ட் என்ற வரியைச் சேர்த்து, விஎம்மின் மேக் முகவரியையும் வேண்டிய ஐபியையும் எழுதுங்கள். மாற்றம் அமலுக்கு வர நெட்வொர்க்கை நிறுத்தி எழுப்ப வேண்டும். நிறுத்தும் கட்டளையின் பெயர் "நெட்-டெஸ்ட்ராய்". பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எதுவும் அழியாது, நிறுத்துகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் விஎம்களின் இணைப்பு அறுந்துவிடும், நெட்வொர்க்கைத் திரும்ப எழுப்பினாலும் தானாக ஒட்டாது. அவற்றை ஒருமுறை ஷட் டவுன் செய்து எழுப்ப வேண்டும். வியாபார நேரத்தில் இந்த வேலை வேண்டாம்.

நேட்டுக்குள் இருக்கும் விஎம்மில் எப்போதாவது நுழைய வேண்டும் என்றால், அதற்காக பிரிட்ஜுக்கு ஓட வேண்டியதில்லை. தூரத்திலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் "மைனஸ் பெரிய ஜே" என்று ஒரு வசதி உண்டு: "எஸ்எஸ்எச் -ஜே" கொடுத்து முதலில் சர்வரின் முகவரி, அடுத்து விஎம்மின் 192.168.122 முகவரி. சர்வர் வழியாகத் தாவி விஎம்முக்குள் போய்விடலாம். மகனுடைய விஎம்முக்கு இன்றுவரை இதுதான்.

பிரிட்ஜுக்கு முன்: மூன்று விஷயம் சரிபார்க்காமல் கை வைக்காதீர்கள்

ஒன்று, சர்வர் லேன் கேபிளில் இருக்க வேண்டும். வைஃபையில் பிரிட்ஜ் நடக்காது. உங்கள் அமைப்பில் குறை ஒன்றும் இல்லை, வைஃபை அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. கடவுச்சொல் கொடுத்து இணைந்தது எந்த மேக் முகவரியோ அதிலிருந்து வருவதை மட்டுமே ரவுட்டர் ஏற்றுக்கொள்ளும். சாதாரண வைஃபை பொட்டலத்தில் மூன்று முகவரிகளுக்குத்தான் இடம். பின்னால் ஒளிந்திருக்கும் விஎம்மின் முகவரியை எழுத அதில் இடமே கிடையாது. கேபிள் இழுக்க வழியில்லை என்றால் நேட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இரண்டு, சர்வருக்கும் கேபிள்காரர் வயருக்கும் நடுவே உங்களுடைய ரவுட்டர் ஒன்று இருக்க வேண்டும். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கமெல்லாம் பிராட்பேண்ட் கொடுப்பது பெரும்பாலும் ஏரியா கேபிள்காரர்தான். பலர் ஒரு இணைப்புக்கு ஒரு மேக் முகவரி என்று பூட்டி வைத்திருப்பார்கள். அந்த வயரை நேராக சர்வரில் செருகி பிரிட்ஜ் போட்டால், புது மேக் முகவரியோடு வரும் விஎம்மை அந்தப் பக்கம் கண்டுகொள்ளவே மாட்டார்கள். வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள் பலவற்றிலும் இதே கட்டுப்பாடு உண்டு.

மூன்று, பிரிட்ஜ் போடும்போது சர்வருக்கு முன்னால் கீபோர்டும் மானிட்டருமாக நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து எஸ்எஸ்எச்சில் செய்தால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் கிளையைத்தான் வெட்டுகிறீர்கள். ஏனென்றால் இந்த வேலையின் மையமே சர்வரின் ஐபி முகவரியை லேன் கார்டிலிருந்து கழற்றி பிரிட்ஜில் மாட்டுவதுதான். நடுவில் ஒரு எழுத்து தப்பினால் இணைப்பு போய்விடும்.

இன்னொன்று, கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு. ராயபுரம், திருவொற்றியூரில் ஜன்னல் ஓரமாக வைத்த ஸ்விட்சில் லேன் கேபிளின் முனை பச்சை பூத்திருப்பதைப் பார்க்கலாம். உப்புக்காற்று. ஸ்விட்ச் விளக்கு எரியும், ஆனால் கிகாபிட் வேகம் வராமல் நூறில் நிற்கும், அல்லது விட்டு விட்டு வரும். மென்பொருளைச் சந்தேகிப்பதற்கு முன் முனையைக் கழற்றிப் பாருங்கள். புது முனை போட்டு கிரிம்ப் செய்ய இரண்டு நிமிடம் ஆகாது.

பிரிட்ஜ் போடும் படிகள்

உபுண்டு சர்வரில் நெட்வொர்க் அமைப்பு நெட்பிளான் என்ற முறையில், இடிசி நெட்பிளான் அடைவில் ஒரு யாமல் கோப்பாக இருக்கும்.

1. "ஐபி ஏ", "ஐபி ரவுட்" இரண்டையும் அடித்து, வருவதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். லேன் கார்டின் பெயர், இப்போதைய ஐபி, கேட்வே (வெளியே போகும் வழியான ரவுட்டரின் முகவரி), மேக் முகவரி. நம் கடையில் லேன் கார்டின் பெயர் இஎன்பி3எஸ்0, கேட்வே 192.168.1.1. சர்வருக்கு 192.168.1.10 கொடுக்கப்போகிறோம். ரவுட்டர் அமைப்புக்குள் போய் அது தானாகக் கொடுக்கும் முகவரிகள் எங்கே தொடங்குகின்றன என்று பாருங்கள். 100-இலிருந்து என்றால் 10 பாதுகாப்பான எண். அந்த எல்லைக்குள் இருக்கும் எண்ணைக் கையால் கொடுத்தால், ஒருநாள் யாருடைய மொபைலுக்கோ அதே எண் போய் இரண்டும் மோதும்.

2. இருக்கும் யாமல் கோப்பை உங்கள் ஹோம் அடைவில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். கோப்பின் பெயரில் கிளவுட்-இனிட் (பூட் ஆகும்போது அமைப்புகளைத் தானாக எழுதும் கருவி) என்று இருந்தால், அதில் செய்யும் மாற்றத்தைப் பிற்பாடு கிளவுட்-இனிட் திரும்ப எழுதிவிட வாய்ப்புண்டு. கோப்பின் தலையில் இருக்கும் குறிப்பே அதை எப்படி நிறுத்துவது என்று சொல்லும். அதன்படி செய்துவிட்டுத் தொடருங்கள்.

3. கோப்பில் எதெர்நெட்ஸ் பகுதியில் இஎன்பி3எஸ்0-க்குக் கீழே டிஎச்சிபி4 ஃபால்ஸ் என்று மட்டும் விடுங்கள். அதில் ஐபி எதுவும் இருக்கக் கூடாது. லேன் கார்டு இனி வெறும் வயர்.

4. அதற்கு இணையாக, அதே இடைவெளியில், பிரிட்ஜஸ் என்று புதுப் பகுதி. அதற்குள் பிஆர்0. பிஆர்0-க்குள் இன்டர்ஃபேசஸ் என்ற இடத்தில் சதுர அடைப்புக்குள் இஎன்பி3எஸ்0. அட்ரசஸில் 192.168.1.10/24. ரவுட்ஸில் டூ டீஃபால்ட், வயா 192.168.1.1. நேம்சர்வர்ஸில் ரவுட்டரின் முகவரியோ 8.8.8.8-ஓ. பழைய குறிப்புகளில் கேட்வே4 என்று ஒரு வரி பார்ப்பீர்கள். அது ஓய்வு கொடுக்கப்பட்ட முறை, ரவுட்ஸ்தான் இப்போது.

5. பிஆர்0-க்குள்ளேயே பாராமீட்டர்ஸ் என்று எழுதி, எஸ்டிபி ஃபால்ஸ், ஃபார்வர்டு-டிலே 0. எஸ்டிபி என்பது ஸ்விட்சுகள் வட்டமாக இணைந்துவிடாமல் காக்கும் ஏற்பாடு. ஒரே ஒரு லேன் போர்ட் இருக்கும் சர்வரில் வட்டம் வர வழியில்லை. அதை ஆன் செய்து விட்டால் போர்ட் திறக்க 15 நொடி, இன்னொரு 15 நொடி என்று முப்பது நொடி காத்திருக்கும். அதற்குள் விஎம் ஐபி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடும்.

6. சர்வருக்கு ரவுட்டரிலிருந்தே மேக் முகவரியை வைத்து ஐபி ஒதுக்கியிருந்தால் ஒரு வரி கூடுதல்: பிஆர்0-க்குள் மேக்அட்ரஸ் என்று லேன் கார்டின் பழைய முகவரியையே எழுதுங்கள். எழுதாவிட்டால் பிரிட்ஜ் தனக்கென்று ஒரு புது மேக் முகவரியை உருவாக்கிக்கொள்ளும், ரவுட்டருக்கு அடையாளம் தெரியாமல் வேறு ஐபி வந்துவிடும்.

யாமலில் டேப் விசை கூடாது, ஸ்பேஸ் மட்டும்தான். ஒரு ஸ்பேஸ் கூடினாலும் குறைந்தாலும் அர்த்தமே மாறும். கோப்பின் அனுமதியை 600 ஆக்கிவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை கத்தும். அப்புறம் "நெட்பிளான் ஜெனரேட்". எதுவும் சொல்லாமல் திரும்பினால் இலக்கணம் சரி என்று பொருள்.

இங்கே ஒரு நுணுக்கம். "நெட்பிளான் ட்ரை" என்று ஒரு கட்டளை உண்டு. மாற்றத்தைப் போட்டுவிட்டு 120 நொடிக்குள் நீங்கள் என்டர் தட்டாவிட்டால் பழையபடி திருப்பிவிடும். அருமையான ஏற்பாடு. ஆனால் பிரிட்ஜில் பாராமீட்டர்ஸ் எழுதியிருந்தால் அதைத் திருப்ப முடியாது என்று சொல்லி மறுத்துவிடும். நமக்குத் தேவைப்படும் இடத்தில்தான் கைவிடுகிறது. அதனால் நானே ஒரு வலை கட்டிக்கொள்வேன்: இணைப்பு அறுந்தாலும் கட்டளையை ஓட விடும் டீமக்ஸ் திறந்து, ரூட்டாக மாறி, "ஸ்லீப் 300", பிறகு நகல் கோப்பைப் பழைய இடத்தில் வை, பிறகு ரீபூட் என்று மூன்றையும் இரட்டை ஆம்பர்சண்ட் போட்டு ஒரே வரியில் அடித்து ஓட விடுவது. அப்புறம் இன்னொரு திரையில் "நெட்பிளான் அப்ளை". எல்லாம் சரியாக வந்தால் அந்த வரியை கன்ட்ரோல்-சி கொடுத்து நிறுத்திவிடலாம். வராவிட்டால் ஐந்து நிமிடத்தில் சர்வர் தானாகப் பழைய நிலையில் எழுந்து வரும். மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாலும் இதைச் செய்வதில் நஷ்டமில்லை.

முடிந்ததும் "ஐபி ஏ" பாருங்கள். 192.168.1.10 என்ற முகவரி பிஆர்0-இல் மட்டும் இருக்க வேண்டும், இஎன்பி3எஸ்0-இல் இருக்கக் கூடாது. இரண்டிலும் இருந்தால் அடைவில் வேறொரு யாமல் கோப்பு ஒளிந்திருக்கிறது. நெட்பிளான் அந்த அடைவில் உள்ள எல்லாக் கோப்புகளையும் சேர்த்துத்தான் படிக்கும்.

இனி விஎம்மை பிரிட்ஜில் மாட்டுவது. "விர்ஷ் எடிட்" கொடுத்து விஎம்மின் பெயர். இன்டர்ஃபேஸ் என்ற பகுதியில் டைப் நெட்வொர்க் என்று இருப்பதை பிரிட்ஜ் என்று மாற்றி, சோர்ஸ் வரியில் நெட்வொர்க் டீஃபால்ட் என்பதை பிரிட்ஜ் பிஆர்0 என்று மாற்றுங்கள். மாடல் விர்ட்ஐஓ (விஎம்முக்கென்றே செய்த நெட்வொர்க் கார்டு வகை) என்று இருக்கட்டும், வேகம் அதில்தான். பழைய ரியல்டெக் மாடல் இருந்தால் எடுத்துவிடுங்கள். சேமித்த பிறகு விஎம்மை முழுதாக ஷட் டவுன் செய்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். விஎம்முக்குள்ளிருந்து ரீஸ்டார்ட் கொடுத்தால் பழைய அமைப்போடுதான் எழும். இது தெரியாமல் "மாத்திட்டேன், வேலை செய்யல" என்று வருகிறவர்கள் ஏராளம்.

எழுந்த பிறகு ஹோஸ்டில் "பிரிட்ஜ் லிங்க்" அடித்தால் இஎன்பி3எஸ்0-உம் விநெட்0-உம் பிஆர்0-இன் கீழ் நிற்கும். விநெட்0 என்பது விஎம்மின் வயர் ஹோஸ்ட் பக்கம் வந்து சேரும் முனை. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், கோளாறு பார்க்கும்போது தேவைப்படும்.

விண்டோஸ் விஎம்மில் இரண்டு விஷயம். விர்ட்ஐஓ டிரைவர் விண்டோஸோடு வராது. விர்ட்ஐஓ-வின் என்ற ஐஎஸ்ஓ கோப்பை சிடியாக மாட்டி நிறுவ வேண்டும். நிறுவும் வரை அதற்கு நெட்வொர்க் கார்டே இருக்காது. இரண்டாவது, விண்டோஸ் ஃபயர்வால் தானாக பிங் கேள்விகளுக்குப் பதில் சொல்லாது. கவுண்டரிலிருந்து பிங் போகவில்லை என்பதை வைத்து பிரிட்ஜ் தப்பு என்று முடிவு கட்டாதீர்கள். எதிர்ப்பக்கம், விண்டோஸுக்குள்ளிருந்து ரவுட்டருக்கு பிங் அடியுங்கள். போனால் பிரிட்ஜ் சரி. பிறகு நெட்வொர்க் வகையைப் பப்ளிக்கிலிருந்து பிரைவேட்டாக மாற்றி, தேவையான போர்ட்டை மட்டும் திறங்கள்.

எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பது

பிரிட்ஜ் போட்ட பிறகு சில வாரம் ஒழுங்காக ஓடிய கடையிலிருந்து காலையில் போன்.

"அண்ணே, பில்லிங் கவுண்டர் எதுவும் கனெக்ட் ஆகல. நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. நான் எதையும் தொடவே இல்ல."

"சர்வருக்கு உன் லேப்டாப்புலேர்ந்து போக முடியுதா தம்பி?"

"அது போகுது. விஎம் ரெண்டும்தான் போகல."

"நேத்து சர்வர்ல டாக்கர் ஏதாவது போட்டியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஆமாண்ணே. ஆனா அது வேற தானே?"

வேறு இல்லை. டாக்கர் (புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) ஹோஸ்டில் ஏறும்போது ஐபிடேபிள்ஸ் என்ற ஃபயர்வாலின் ஃபார்வர்டு சங்கிலியை (ஹோஸ்டைக் கடந்து போகும் பொட்டலங்களுக்கான விதிகள்) டிராப், அதாவது தூக்கிப்போடு, என்று மாற்றிவிடுவதுண்டு. கூடவே பிஆர்-நெட்ஃபில்டர் என்ற மாட்யூலும் ஏறியிருந்தால், பிரிட்ஜில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகும் பொட்டலங்களும் அதே சங்கிலி வழியாகத்தான் போக வேண்டும். போகிற வழியில் விழுந்துவிடும். ஹோஸ்டின் சொந்த இணைப்புக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அது ஃபார்வர்டு வழியே போவதில்லை. "சர்வர் நல்லா இருக்கு, விஎம் மட்டும் செத்துப்போச்சு" என்றால் என் முதல் கேள்வி எப்போதும் டாக்கர்தான்.

உடனடி நிவாரணத்துக்கு டாக்கர்-யூசர் என்ற சங்கிலியில், பிஆர்0-இலிருந்து வந்து பிஆர்0-க்கே போவதை ஏற்றுக்கொள் என்று ஒரு விதி சேர்க்கலாம். ரீபூட் ஆனால் அந்த விதி போய்விடும், நிரந்தரமாக்கத் தனி ஏற்பாடு வேண்டும். என் கருத்தைக் கேட்டால், ஹோஸ்டில் டாக்கரே வேண்டாம். பழகும் விஎம்முக்குள் போட்டுக்கொள்ளட்டும். ஹோஸ்டின் வேலை விஎம்களைத் தாங்குவது மட்டும்.

டாக்கர் இல்லாமலும் விஎம்முக்கு ஐபி வராமல் போகலாம். அப்போது ஊகிப்பதை விட்டுவிட்டு வயரில் போகும் பொட்டலங்களைக் காட்டும் டிசிபிடம்ப்பைக் கையில் எடுங்கள். ஐபி கேட்கும் விஎம் 0.0.0.0 என்ற முகவரியிலிருந்து 68-ஆம் போர்ட் வழியாக, 255.255.255.255 என்று ஊருக்கே கேட்கும்படி 67-ஆம் போர்ட்டுக்குக் குரல் கொடுக்கும். அந்தக் குரல் எந்த இடம்வரை கேட்கிறது என்று பார்த்தால் போதும். இரண்டு திரை திறந்து, ஒன்றில் விநெட்0-ஐயும் மற்றதில் இஎன்பி3எஸ்0-ஐயும் "டிசிபிடம்ப் -என்ஐ" கொடுத்துக் கவனியுங்கள், போர்ட் 67 என்று வடிகட்டி. பிறகு விஎம்மை எழுப்புங்கள்.

விநெட்0-இலேயே எதுவும் தெரியவில்லையா? கோளாறு விஎம்முக்குள். டிரைவர் இல்லை, அல்லது உள்ளே இருக்கும் யாமல் கோப்பில் லேன் கார்டின் பெயர் இஎன்எஸ்3 என்று இருக்கிறது, உண்மையில் அது இஎன்பி1எஸ்0. விநெட்0-இல் தெரிகிறது, இஎன்பி3எஸ்0-இல் இல்லையா? ஹோஸ்டின் ஃபயர்வால், அல்லது லேன் கார்டு பிரிட்ஜில் சேரவே இல்லை. இரண்டிலும் தெரிகிறது, பதில் மட்டும் வரவில்லையா? ஹோஸ்டை விட்டுவிடுங்கள், ஸ்விட்ச், ரவுட்டர், கேபிள்காரர் என்று வெளியே போய்த் தேடுங்கள். ரவுட்டரில் கொடுக்க முகவரி தீர்ந்துபோயிருப்பதும் உண்டு.

ஐபி வந்த பிறகும் இன்டர்நெட் இல்லை என்றால் வரிசையாக மூன்று பிங். முதலில் கேட்வே, அடுத்து 8.8.8.8, கடைசியாக ஏதாவது ஒரு தளத்தின் பெயர். முதல் இரண்டும் போய் மூன்றாவது போகாவிட்டால் டிஎன்எஸ் மட்டும்தான் பிரச்சினை. பிரிட்ஜைப் பிரித்துப் போடாதீர்கள்.

ஒரு விஎம்மை நகலெடுத்து இன்னொன்று செய்தவர்களுக்கு வேறு ஒரு வினோதம் காத்திருக்கும். மேக் முகவரி வேறாக இருந்தும் இரண்டுக்கும் ஒரே ஐபி வரும். ஒன்று எழுந்தால் மற்றது விழும். காரணம் இடிசியில் இருக்கும் மெஷின்-ஐடி என்ற கோப்பு. உபுண்டு சர்வர் ஐபி கேட்கும்போது அந்த ஐடியிலிருந்து செய்த அடையாளத்தைத்தான் காட்டுகிறது. நகலிலும் அதே ஐடி என்பதால் ஐபி கொடுப்பவருக்கு இரண்டும் ஒரே ஆளாகத் தெரிகிறது. நகலுக்குள் போய் அந்தக் கோப்பை அழிக்காமல் காலியாக மட்டும் ஆக்கி ரீபூட் செய்தால் புது ஐடி பிறந்துவிடும். விர்ட்-சிஸ்பிரெப் என்ற கருவி இதையும், எஸ்எஸ்எச் சாவிகள் போன்ற மற்றவற்றையும் சேர்த்தே துடைத்துத் தரும். அது வேலை செய்யும்போது விஎம் அணைந்திருக்க வேண்டும்.

வீட்டிலிருந்து டேலி பார்க்க வேண்டும் என்பார்கள்

கட்டாயம் கேட்பார்கள். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போடலாம் என்று தோன்றும். முதலில் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபி (வெளிப்பக்க முகவரி) என்ன என்று பாருங்கள். 100.64-இலிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினாலோ, 10 என்று தொடங்கினாலோ, கேபிள்காரர் உங்களையும் ஒரு நேட்டுக்குள்தான் வைத்திருக்கிறார். ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. நீங்கள் ரவுட்டரில் என்ன திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. கூடுதல் பணம் கட்டினால் நிலையான பொது ஐபி சிலர் தருவார்கள்.

கிடைத்தாலும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டான 3389-ஐ இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்காதீர்கள். கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் தானியங்கிகள் இரவு பகலாக அதைத்தான் தட்டிக்கொண்டிருக்கின்றன. வயர்கார்டு என்ற விபிஎன் (பாதுகாப்பான தனிப் பாதை) போடுங்கள். 2020-இல் 5.6 பதிப்போடு கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. பொது ஐபி இல்லாத கடையாக இருந்தால் சின்னதாக ஒரு விபிஎஸ் (இன்டர்நெட்டில் பொது ஐபியோடு இருக்கும் விஎம்) வாடகைக்கு எடுத்து, கடை சர்வரும் வீட்டு லேப்டாப்பும் அதனிடம் போய்ச் சேரும்படி அமைக்கலாம். கடை பக்கத்து அமைப்பில் பெர்சிஸ்டன்ட்கீப்அலைவ் 25 என்று எழுத மறக்க வேண்டாம். இல்லையென்றால் சும்மா இருக்கும் நேரத்தில் நடுவிலுள்ள நேட் இந்த இணைப்பை மறந்துவிடும்.

கரண்ட் போய் வந்த பிறகு

விஎம்கள் தானாக எழ ஒவ்வொன்றுக்கும் "விர்ஷ் ஆட்டோஸ்டார்ட்" கொடுங்கள். நேட் நெட்வொர்க்குக்குக் கொடுத்தது வேறு, இது வேறு. பயோஸிலும் கரண்ட் வந்தால் ஆன் ஆகு என்று ஒரு அமைப்பு இருக்கும். சர்வர் ரவுட்டரை முந்திக்கொண்டு எழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கலாம். பிஆர்0-க்குக் கையால் முகவரி கொடுத்திருப்பதால் சர்வருக்கு ஒன்றுமில்லை. விஎம்கள் ஐபி கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கும். ரவுட்டர் எழுந்ததும் பெற்றுக்கொள்ளும். ஆனால் டேலி விஎம்முக்கு மட்டும் கையால் நிலையான முகவரி கொடுத்துவிடுங்கள், 192.168.1.11 என்பதுபோல. கவுண்டர்கள் எல்லாம் அந்த எண்ணைத்தான் தேடும்.

மழைக்காலத்தில் யூபிஎஸ் பேட்டரி தீரும் முன் விஎம்கள் ஒழுங்காக அணைய லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் என்ற சேவை இருக்கிறது. அதன் அமைப்புக் கோப்பில் ஆன்-ஷட்டவுன் என்ற இடத்தில் ஷட்டவுன் என்று இருக்கிறதா பாருங்கள். விண்டோஸுக்கு அணைய நேரம் பிடிக்கும், காத்திருக்கும் நொடிகளைத் தாராளமாக வையுங்கள். யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கேபிளை சர்வரில் செருகி, நட் என்ற மென்பொருளை நிறுவினால் பேட்டரி குறையும்போது சர்வருக்குத் தகவல் போகும். பெட்டியோடு வந்த அந்தக் கேபிளை முக்கால்வாசிப் பேர் பிரிப்பதே இல்லை.

அந்த யூபிஎஸ்ஸில் ரவுட்டரையும் ஸ்விட்சையும் சேர்த்தே செருகுங்கள். சர்வர் மட்டும் ஓடி, நடுவில் இருக்கும் ஸ்விட்ச் அணைந்திருந்தால் கவுண்டர்களுக்கு அது ஓடாத சர்வர்தான்.